பின்னால் சைக்கிள், முன்னால் எல்லை: பினாங்கிலிருந்து தாய்லாந்துக்குக் காரில் செல்வோர் கவனிக்க வேண்டியவை

ஜோர்ஜ் டவுன் – பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பினாங்குப் பாலத்தைக் கடந்து வடக்கே போகும் கார்களில், பின்புறம் இரண்டு மூன்று சைக்கிள்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போகும் கார்களும் இருக்கும். அவற்றில் சில கெடாவின் வயல்வெளிகளோடு நின்றுவிடும். சில புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டி ஹட்யாய், சொங்க்லா வரை போகும்.

தோட்டப்புறத்தில் ஒரு தலைமுறைக்குச் சைக்கிள் என்பது வேலைக்குப் போகும் வண்டி. பால் வாளியை ஏற்றியது, விறகு சுமந்தது, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டது எல்லாம் அந்த வண்டிதான். அன்று மனிதனையும் சுமையையும் சுமந்த சைக்கிள், இன்று காரின் முதுகில் சுமையாகப் பயணம் செய்கிறது. அதை ஏற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் ஏற்றிய பிறகு அந்தக் கார் பழைய கார் அல்ல. அதன் நீளம் கூடுகிறது. எண் பட்டையும் விளக்குகளும் மறையக்கூடும். பின்கதவைத் திறக்க முடியாமல் போகலாம். வெளிநாட்டு எல்லையிலும் வெளிநாட்டுச் சாலையிலும் இவை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் வாகனமோட்டிதான்.

பினாங்குத் தீவுக்காரர்களுக்கு ஏன் இது தேவைப்படுகிறது?

பினாங்குத் தீவிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டே பெருநிலத்துக்கு வர இரண்டு பாலங்களும் வழி தருவதில்லை. 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் முதல் பாலமானாலும், 2014-இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலமானாலும், சாதாரண நாட்களில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலும் அதே நிலைதான்.

மிஞ்சியிருப்பது பட்டர்வொர்த் ஃபெரி. 2021 தொடக்கத்திலிருந்து அது கார்களை ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்டில் சேவைக்கு வந்த புதிய ஃபெரிகள் பயணிகளையும் இருசக்கர வாகனங்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. ஆகவே குடும்பத்தோடும் சைக்கிளோடும் தொலைதூரம் போக நினைக்கும் தீவுக்காரர், சைக்கிளைக் காரில் ஏற்றிப் பாலத்தைக் கடப்பதே வழக்கமாகிவிட்டது.

எல்லைக்கு அப்பால் சைக்கிளுக்கு ஏற்ற இடங்கள் பல உண்டு. சொங்க்லாவின் பழைய நகரம், சமிலா கடற்கரை, 1986-இல் திறக்கப்பட்ட தின்சுலானோன் பாலத்தின் வழியே போகும் கோ யோ தீவு ஆகியவை அவற்றில் சில. பத்தலுங் மாநிலத்துத் தலே நோய் ஈரநிலத்தின் மீது ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் மேம்பாலச் சாலையும் சைக்கிளோட்டிகளிடையே பெயர் பெற்றது. தண்ணீரில் மேயும் எருமைகளைப் பாலத்தின் மேலிருந்தே பார்க்கலாம்.

எந்த வகைத் தாங்கி?

காரின் பின்புறம் பொருத்தும் சைக்கிள் தாங்கிகள் பொதுவாக மூன்று வகைப்படும்.

முதலாவது, பட்டைகளால் பின்கதவில் இழுத்துக் கட்டும் தாங்கி. விலை குறைவு, கழற்றி வைப்பதும் சுலபம். சிறிய கார் வைத்திருப்பவர்கள் அதிகம் வாங்குவது இதைத்தான். ஆனால் மொத்தச் சுமையும் பின்கதவின் விளிம்பிலும் கீல்களிலும் இறங்குகிறது. கொக்கிகள் இரும்புத் தகட்டின் விளிம்பில் மாட்டப்பட வேண்டும். கண்ணாடியிலோ, கூரையின் பின்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் ஸ்பாய்லரிலோ மாட்டினால் அது உடையும். தாங்கி தயாரிப்பாளர்கள் எந்தக் காருக்கு எந்தத் தாங்கி பொருந்தும் என்று பட்டியல் தருகிறார்கள். கடைக்காரரின் வாய்ச்சொல்லை விட அந்தப் பட்டியலை நம்புவது நல்லது.

இரண்டாவது, இழுவைக் கொக்கியில் பொருத்தும் மேடை வகை. சைக்கிளின் இரு சக்கரங்களும் மேடையில் நிற்கும். உறுதி அதிகம், விலையும் அதிகம். காரில் இழுவைக் கொக்கி இருந்தால்தான் இது பயன்படும். இதற்காகப் புதிதாகக் கொக்கி பொருத்துவது வாகனத்தை மாற்றியமைக்கும் வேலை என்பதால், முதலில் ஜேபிஜே அலுவலகத்தில் விதிமுறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஜீப் வகை வாகனங்களின் பின்கதவில் இருக்கும் உபரிச் சக்கரத்தின் மீது பொருத்துவது.

எந்த வகையானாலும் எடைக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சாதாரண மலைச் சைக்கிள் ஒன்று 13 முதல் 15 கிலோ வரை இருக்கும். மின்சாரச் சைக்கிள் என்றால் 20 கிலோவைத் தாண்டிவிடும். மூன்று மலைச் சைக்கிள்கள் சேர்ந்தால் 45 கிலோ. பட்டைத் தாங்கிகள் பலவற்றுக்கு அதுவே எல்லை, சிலவற்றுக்கு எல்லையைத் தாண்டிய எடை. தாங்கியின் சட்டத்திலோ கையேட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும் எடையைப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் ஏற்றாமல் இருப்பதே பாதுகாப்பு.

ஒன்றிரண்டு சைக்கிள் மட்டுமே என்றால் தாங்கியே தேவையில்லாமல் போகலாம். பின் இருக்கையை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றினால் பெரிய கார்களில் உள்ளேயே வைத்துவிடலாம். எண் பட்டை, விளக்கு, திருட்டு பற்றிய கவலைகள் அதோடு குறையும். பிள்ளைகளின் சிறிய சைக்கிள்களுக்கு இதுவே சிறந்த வழி.

ஏற்றும் முறை

தோட்டத்தில் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, கேரியரில் எதையும் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். மெதுவாகப் போகும் மண் சாலைக்கு அது போதும். நெடுஞ்சாலைக்கு அது உதவாது. ரப்பர் இழுபடும் தன்மை கொண்டது. காற்றின் விசையும் சாலையின் குலுக்கலும் சேர்ந்து அதை இழுக்க இழுக்கச் சைக்கிள் ஆடத் தொடங்கும். ஆடும் சுமை பட்டையைத் தளர்த்தும். பட்டை தளர்ந்தால் ஆட்டம் இன்னும் கூடும். இழுபடாத, பூட்டுக் கொக்கி உள்ள நைலான் பட்டைதான் இதற்கு ஏற்றது.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் போது உள்ள காற்றுத் தடையோடு ஒப்பிட்டால், 110 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மலேசிய நெடுஞ்சாலையின் வேக வரம்பு 110 ஆக இருந்தாலும், சைக்கிளோடு போகும் காருக்கு அது உகந்த வேகம் அல்ல. தாங்கியின் கையேட்டில் அதைவிடக் குறைந்த வேகம் குறிப்பிடப்பட்டிருந்தால் அதுவே வரம்பு.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை:

– கனமான சைக்கிள் காருக்கு மிக அருகில், இலகுவானது வெளிப்பக்கம்.

– அடுத்தடுத்த சைக்கிள்களின் ஹேண்டில்கள் எதிரெதிர்த் திசையில் இருந்தால் ஒன்றோடொன்று மோதாது.

– சக்கரங்கள் காற்றில் சுழலாதபடியும், ஹேண்டில் திரும்பாதபடியும் தனித்தனியாகக் கட்ட வேண்டும்.

– டயர் எதுவும் புகைபோக்கிக் குழாய்க்கு நேராகவோ அருகிலோ இருக்கக் கூடாது. இரண்டு மணி நேரச் சூடான புகையில் டயர் உருகும். கார்பன் சக்கர விளிம்பும் பாழாகும்.

– தண்ணீர்ப் புட்டி, காற்றடிக்கும் பம்பு, கழற்றக்கூடிய விளக்கு ஆகியவை காருக்குள் இருக்க வேண்டும். மின்சாரச் சைக்கிளின் பேட்டரியையும் கழற்றி உள்ளே வைத்தால் சுமையும் குறையும்.

– மழைக்குப் பயந்து சைக்கிளைத் தார்ப்பாயால் மூடுவது தவறு. காற்று புகுந்து அது பாய்மரம் போல் இழுக்கும்.

– பட்டைகளின் தொங்கும் நுனிகளைச் சுருட்டிக் கட்ட வேண்டும். பறந்து அடிக்கும் நுனி காரின் சாயத்தை உரித்துவிடும்.

தீவிலிருந்து புறப்படுபவர்கள் பாலத்தில் ஏறும் முன்னரே ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திப் பட்டைகளை மீண்டும் இறுக்கிவிட வேண்டும். பாலத்தின் மேல் பக்கக் காற்று அடிக்கும், சரிபார்க்க நிறுத்துவதற்கும் அங்கே இடமில்லை. பெருநிலத்தில் அடுத்த சோதனையைக் குரூண் ஓய்வுத் தலத்தில் செய்யலாம்.

எண் பட்டையும் விளக்கும்

சைக்கிள் தாங்கியின் மிகப் பெரிய சட்டச் சிக்கல் இதுதான். வாகனத்தின் பதிவு எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது மலேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. சைக்கிள் மறைத்துவிட்டது என்பது அமலாக்க அதிகாரியிடம் விளக்கமாக எடுபடாது. பிரேக் விளக்கும் திருப்ப விளக்கும் மறைந்தால் ஆபத்து இன்னும் நேரடியானது. முன்னே போகும் கார் பிரேக் போட்டதைப் பின்னால் வருபவர் அறியாமலே போய்விடுவார்.

இதைச் சில நாடுகள் எப்படிக் கையாளுகின்றன என்று பார்ப்பது பயன் தரும். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற மாநிலங்களில் சைக்கிள் தாங்கிக்கென்றே கூடுதல் எண் பட்டையை அதிகாரப்பூர்வமாகப் பெறலாம். பிரிட்டனில் எண் பட்டை மறைந்தால் தாங்கியிலேயே இன்னொரு பட்டை தெரிய வேண்டும். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கு, சிவப்பும் வெள்ளையும் சாய்வுக் கோடுகளாக உள்ள 50-க்கு 50 சென்டிமீட்டர் பலகையை மாட்ட வேண்டும். வழிமுறைகள் வேறுபட்டாலும் நோக்கம் ஒன்றே. பின்னால் வருபவருக்கு அது யாருடைய கார், எவ்வளவு நீளம், எப்போது நிற்கப்போகிறது என்பது தெரிய வேண்டும்.

தாய்லாந்தில் 1979-ஆம் ஆண்டு நிலப் போக்குவரத்துச் சட்டம் இதை நேரடியாகச் சொல்கிறது. வாகனத்தின் நீளத்தைத் தாண்டிச் சுமை நீட்டிக்கொண்டிருந்தால், பகலில் சுமையின் கடைசி முனையில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும். அவை குறைந்தது 150 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். ஒரு சிவப்புத் துணியும், சைக்கிளில் மாட்டும் நல்ல சிவப்பு விளக்கும் சில வெள்ளிக்குக் கிடைக்கும். மலேசியப் பக்கத்திலும் அவற்றை மாட்டிக்கொள்வதில் நஷ்டம் எதுவும் இல்லை.

வீட்டு வாசலில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. சைக்கிள்களை ஏற்றிய பிறகு ஒருவர் காருக்குள் உட்கார்ந்து பிரேக், இடது, வலது, பின்னோக்கு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். இன்னொருவர் இருபது அடி பின்னால் நேராகவும், பிறகு இருபுறமும் சற்று விலகியும் நின்று பார்க்க வேண்டும். எண் பட்டையின் எல்லா எழுத்துகளும் எண்களும் தெரிகின்றனவா, எந்த விளக்கு மறைகிறது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மறைந்தால் சைக்கிளின் உயரத்தை மாற்ற வேண்டும், அல்லது ஒரு சைக்கிளைக் குறைக்க வேண்டும். எண் பட்டையும் விளக்குகளும் பொருத்திய பலகையைத் தாங்கியில் மாட்டும் எண்ணம் இருந்தால், அது ஏற்கப்படுமா என்பதை ஜேபிஜேயிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கார் யார் பெயரில் இருக்கிறது?

பல குடும்பங்களில் காரை ஓட்டுபவர் ஒருவர், பதிவில் உள்ள உரிமையாளர் வேறொருவர். தம்பி மாதத் தவணை கட்டுவார், கார் அண்ணன் பெயரில் இருக்கும். மகன் ஓட்டுவார், கடன் அப்பா பெயரில் இருக்கும். உள்ளூரில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. எல்லையில் தெரியும்.

வாகனத்தைத் தாய்லாந்துக்குள் தற்காலிகமாகக் கொண்டுவருபவராகச் சுங்கத்துறை பதிவு செய்வது வாகனமோட்டியைத்தான். அவர் உரிமையாளர் இல்லையென்றால், உரிமையாளரின் ஒப்புதல் கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் தேவைப்படும். வங்கிக் கடனில் உள்ள காருக்கு வங்கியின் அனுமதிக் கடிதம் கேட்கப்படலாம். நிறுவனத்தின் பெயரில் உள்ள காருக்கு நிறுவனத்தின் கடிதம் வேண்டும். வங்கிக் கடிதம் ஒரே நாளில் கிடைத்துவிடும் என்று நம்பியிருக்காமல், விடுமுறைக்குச் சில வாரங்கள் முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

காப்புறுதியிலும் இதே கேள்வி எழுகிறது. காப்புறுதிப் பத்திரத்தில் பெயர் குறிப்பிடப்படாத ஒருவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், இழப்பீட்டில் 400 வெள்ளியை வாகன உரிமையாளர் ஏற்க வேண்டிய விதி மலேசியத் தனியார் கார் காப்புறுதிகளில் வழக்கமானது. எல்லை தாண்டும் முன் ஓட்டப்போகும் எல்லாருடைய பெயரும் பத்திரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

இரண்டு காப்புறுதிகள், இரண்டு வேலைகள்

மலேசியத் தனியார் கார் காப்புறுதி சாதாரணமாக மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய நாடுகளுக்குள் நேர்வதையே ஏற்கும். தாய்லாந்து அதில் சேராது. அங்கே காருக்குச் சேதம் ஏற்பட்டாலோ கார் திருட்டுப் போனாலோ இழப்பீடு கிடைக்க வேண்டுமானால், தாய்லாந்துக்கான நீட்டிப்பைத் தனியாக வாங்க வேண்டும். காப்புறுதி முகவரிடமோ நிறுவனத்திடமோ கேட்டால், பயண நாட்களுக்கு ஏற்ப எழுதித் தருவார்கள்.

இரண்டாவது, தாய்லாந்துச் சட்டப்படியான கட்டாயக் காப்புறுதி. 1992-ஆம் ஆண்டின் வாகன விபத்துப் பாதிக்கப்பட்டோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது இது. தாய் மொழியில் 'போ ரோ போ' என்று அழைக்கப்படும் இதை எல்லை நகரங்களில் உள்ள முகவர்களிடம் வாங்கலாம். இது மனிதர்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் மட்டுமே உரியது. காருக்கோ மற்றவரின் காருக்கோ ஏற்படும் சேதத்துக்கு இது ஒரு காசும் தராது. எல்லையில் வாங்கிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாமே காப்புறுதிக்குள் வந்துவிட்டது என்று நினைப்பது பலரும் செய்யும் தவறு.

இந்த இரண்டிலுமே சைக்கிள் வராமல் போகக்கூடும். தாங்கியிலிருந்து சைக்கிள் விழுந்து உடைந்தால், திருட்டுப் போனால் என்ன ஆகும் என்பதைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் வாகனத்தின் மேல் சைக்கிள் விழுந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் அதே கடிதத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

எல்லையில் நடப்பது என்ன?

புக்கிட் காயு ஹீத்தாம் சோதனைச் சாவடி வழக்கமாகக் காலை 6 மணி முதல் நள்ளிரவு 12 மணி வரை திறந்திருக்கும். தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதைத் திரும்பும்போது மறந்துவிடக் கூடாது. ஹட்யாயில் கடிகாரம் இரவு 10 மணி காட்டும்போது, மலேசியாவில் மணி 11.

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் ஒவ்வொரு வெளிநாட்டவரும், பிள்ளைகள் உட்பட, மின்னியல் வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இதைச் செய்யலாம். தாய்லாந்துக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இது முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

காரோடு நுழைபவர் வாகன விவரப் படிவம், பயணிகள் பட்டியல் படிவம் ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும். அதன்பின் தாய்லாந்துச் சுங்கத்துறை, வாகனத்தைத் தற்காலிகமாகக் கொண்டுவருவதற்கான தாளைத் தரும். காருக்கு வழக்கமாக 30 நாள் அனுமதி. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து, திரும்பும்போது ஒப்படைக்க வேண்டும். நாள் கடந்தால் அபராதம் உண்டு.

வாகனமோட்டும் உரிமத்தைப் பொறுத்தவரை கவலையில்லை. ஆசியான் நாடுகள் ஒன்றின் உள்நாட்டு உரிமத்தை மற்றொன்று ஏற்பதற்கான உடன்பாடு 1985-இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. ஆனால் 2023 பிப்ரவரி முதல் சாலை வரி வில்லையும் உரிமமும் மின்னியல் வடிவுக்கு மாறியதால், பலரிடம் கைப்பேசியில் மட்டுமே அவை இருக்கின்றன. தாய்லாந்துச் சாலையோரச் சோதனையில் கைப்பேசித் திரையைக் காட்டி விளக்குவதைவிட, உரிம அட்டையையும் சாலை வரியின் அச்சுப் பிரதியையும் கையில் கொடுப்பது எளிது. 'கிராண்ட்' எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழின் பிரதியும் அதோடு இருக்க வேண்டும்.

சைக்கிளோடு போகிறவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. சுங்க அதிகாரி பின்கதவைத் திறக்கச் சொன்னால், பட்டைத் தாங்கி பொருத்திய காரில் எல்லாச் சைக்கிள்களையும் இறக்கினால்தான் கதவைத் திறக்க முடியும். பின்னால் வரிசையில் வாகனங்கள் காத்திருக்க, வெயிலில் பட்டைகளை அவிழ்ப்பது யாருக்கும் இனிய அனுபவமாக இருக்காது. ஆகவே கடப்பிதழ், கடிதங்கள், குடிநீர், மருந்து ஆகியவற்றைப் பின்பெட்டியில் வைக்கவே கூடாது. பின்பெட்டியில் உள்ள பொருள்களைப் பின் இருக்கை வழியாகக் காட்டும்படி குறைவாக அடுக்குவதும் உதவும்.

தாய்லாந்துப் பக்கத்தில் காரைவிட்டு இறங்கிச் செய்ய வேண்டிய வேலைகள் உள்ளன. அந்த நேரத்தில் சைக்கிள்கள் தாங்கியோடு பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் காரருகே நின்றால் இன்னும் நல்லது. விலை உயர்ந்த சைக்கிள் என்றால், வாங்கிய ரசீதின் நகலும் சட்டத்தில் பொறித்த எண்ணின் படமும் கையில் இருப்பது நல்லது. திரும்பி வரும்போது அது தாய்லாந்தில் புதிதாக வாங்கியதா என்ற கேள்வி எழுந்தால் அதுவே பதில்.

அங்கே சாலையில்

தாய்லாந்திலும் இடப்பக்கமே ஓட்ட வேண்டும் என்பதால் மலேசியர்களுக்குத் தடுமாற்றம் குறைவு. ஆனால் பின்னால் சைக்கிள் இருக்கும்போது இரண்டு விஷயங்கள் மாறுகின்றன.

ஒன்று, 'யூ' திருப்பம். தாய்லாந்தின் பல நெடுஞ்சாலைகளில் நடுத்தடுப்பில் உள்ள இடைவெளியில் காத்திருந்து எதிர்த்திசைக்குத் திரும்ப வேண்டும். அந்த இடைவெளி சாதாரணக் காருக்குப் போதும். சைக்கிள் தாங்கியோடு கார் இரண்டு மூன்று அடி கூடுதல் நீளம். முன்பக்கம் பாதுகாப்பாக நிற்கிறது என்று நினைக்கும்போது, பின்னால் சைக்கிள்கள் வேகத் தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். போதிய இடமில்லையென்றால் அடுத்த பெரிய சந்திப்புவரை போய்த் திரும்புவதே சரி.

இரண்டாவது, மோட்டார் சைக்கிள்கள். சாலையின் ஓரத்தில் எதிர்த்திசையிலும் அவை வரும். காரின் அகலத்தைத் தாண்டி வெளியே நிற்கும் ஹேண்டில், காரை ஒட்டி வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் கையையோ முகத்தையோ கிழிக்கக்கூடியது. சைக்கிள்கள் பக்கக் கண்ணாடிகளின் அகலத்துக்குள் அடங்குமாறு ஏற்ற வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பின்னோக்கி எடுக்கும்போது கேமராவையும் உணர்கருவியையும் நம்ப முடியாது. சைக்கிளையே தடையாக எண்ணி அவை விடாமல் ஒலிக்கும். ஒருவர் இறங்கி நின்று வழி சொல்ல வேண்டும். கனமழையிலும் இரவிலும் இந்தச் சுமையோடு ஓட்டுவதைத் தவிர்ப்பதற்கு ஏற்றபடி பயண நேரத்தை வகுத்தால் பாதி ஆபத்து குறைந்துவிடும்.

எந்த வழி, எந்த வழி வேண்டாம்?

புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து சடாவ் வழியாக ஹட்யாய்க்கு ஒரு மணி நேரப் பயணம். பெர்லிஸ் மாநிலத்தின் பாடாங் பெசார் வழியும் ஹட்யாய்க்குப் போகிறது. கெடாவின் டுரியான் புரோங் எல்லையைக் கடந்தால் வருவது சொங்க்லா மாநிலத்தின் நா தவி மாவட்டம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாலா, பட்டாணி, நராதிவாட் ஆகிய மூன்று மாநிலங்களிலும், சொங்க்லாவின் சானா, தெபா, நா தவி, சபா யோய் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் 2004 முதல் ஆயுத வன்முறை தொடர்ந்து வந்துள்ளது. வரைபடத்தில் அமைதியான கிராமச் சாலையாகத் தெரிவது, பாதுகாப்புப் படையின் சோதனைச் சாவடிகள் நிறைந்த சாலையாக இருக்கலாம். சைக்கிள் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தையும் மேட்டையும் மட்டும் பார்க்காமல், அது எந்த மாவட்டத்துக்குள் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காப்புறுதி நீட்டிப்பு எந்தப் பகுதிகளை ஏற்காது என்பதையும் பத்திரத்தில் படித்துப் பார்க்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

தாய்லாந்தில் போலீசுக்கு 191, மருத்துவ அவசர உதவிக்கு 1669, சுற்றுப்பயணிகள் போலீசுக்கு 1155. மலேசியாவின் துணைத் தூதரகம் சொங்க்லாவில் இயங்குகிறது. அதன் தொலைபேசி எண்ணைப் புறப்படும் முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி உடைந்துபோகும் நேரத்தில் தாள்தான் உதவும்.

விபத்து இடத்தில் வாகனங்கள், எண் பட்டைகள், சைக்கிள் தாங்கியின் நிலை ஆகியவற்றைப் படமெடுக்க வேண்டும். புரியாத தாய் மொழித் தாளில் கையெழுத்திடும் முன் காப்புறுதி நிறுவனத்தின் முகவரை அழைக்க வேண்டும். தாங்கியில் எத்தனை சைக்கிள் இருந்தன, விளக்கு தெரிந்ததா என்பது பின்னர் இழப்பீட்டுப் பேச்சில் எழக்கூடிய கேள்விகள். புறப்படும் காலையில் காரின் பின்புறத்தை விளக்குகள் எரிய ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அப்போது கைகொடுக்கும்.

புறப்படும் முதல்நாள் மாலை

எல்லாத் தாள்களும் ஒரே உறையில் இருக்கட்டும்: கடப்பிதழ்கள், உரிம அட்டை, வாகன உரிமைச் சான்றிதழ், உரிமையாளர் அல்லது வங்கியின் கடிதம், சாலை வரிப் பிரதி, தாய்லாந்துக் காப்புறுதி நீட்டிப்பு, மின்னியல் வருகை அட்டையின் அச்சு, சைக்கிள் ரசீது. காருக்குள் கூடுதலாக இரண்டு நைலான் பட்டைகள், ஒரு சிவப்புத் துணி, ஒரு சிவப்பு விளக்கு, நல்ல பூட்டு.

பிறகு சைக்கிள்களை ஏற்றிக் கட்டி, தாங்கியைப் பிடித்துப் பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். சைக்கிள் மட்டும் தனியாக ஆடினால் கட்டு சரியில்லை. காரும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி. அந்த மாலையில் ஆடும் சைக்கிளை இறக்கி மீண்டும் கட்ட அரை மணி நேரம் பிடிக்கும். மறுநாள் சடாவ் நெடுஞ்சாலையின் ஓரத்தில், லாரிகள் உரசிப் போகும் இடத்தில் அதே வேலையைச் செய்வது பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு வேண்டாத வேலை.